ஒரு கிலோமீட்டர் வட்டமும் பள்ளிக்கரணைத் தண்ணீரும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாகத் தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் தகராறு தவிர வேறெதுவும் ஓடாது. 2025 செப்டம்பருக்குப் பிறகு பறவைகளும் வந்து சேர்ந்துகொண்டன. தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும், எல்லையை அளந்து குறிக்கும் ஆய்வு முடியும்வரை புதிதாகக் கட்டட அனுமதி எதுவும் கொடுக்காதீர்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சிஎம்டிஏவுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உள்ளாட்சிகளுக்கும் உத்தரவு போட்டது அல்லவா, அன்றிலிருந்துதான். "பறவை முக்கியமா மனுஷன் முக்கியமா?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பதிலுக்குப் பூநாரை போட்டோ போட, மூன்றாமவர் இதனால் நம்ம ஃபிளாட் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்க, மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்து, அது நீண்டுபோய், சரி இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது மேடவாக்கம் பக்கம். ஓஎம்ஆரில் வேலை, பிள்ளைகளுக்கு இங்கேயே பள்ளிக்கூடம், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில், இப்போது மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ தூண்களும் வாசலுக்கு வந்துவிட்டன. இந்தப் பக்கம் வீடே கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே குடியேறுகிறவன் எவனும் சதுப்புநிலத்தை அழிக்க வேண்டும் என்று கிளம்பி வருவதில்லை, வாடகை கொடுத்து மாளாமல் வருகிறான். அதே சமயம் "நாலு கொக்குக்காக நானூறு குடும்பம் நிக்கணுமா" என்று குழுவில் எழுதுகிறவர்களைப் பார்த்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் படகு விட்டுத்தானே ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள்? அடுத்த வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், மழை தொடங்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது கொக்குகளா?

பள்ளிக்கரணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பறவையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை வந்து சேரும் இடம் இது. மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஏரிகளின் சங்கிலி இருக்கிறது. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்தது, கடைசியில் எல்லாம் கழுவெளிக்கு, அதாவது இந்தச் சதுப்புக்கு. அங்கே பரந்து நின்று, மெதுவாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். உள்ளே வர எத்தனையோ வழி, வெளியே போக இந்த ஒரு மடுவுதான். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு என்கிறார்கள். இன்று ஈரமாக மிஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கும் கொஞ்சம் சொச்சமும்.

மிச்சத்தை யார் எடுத்தார்கள்? பில்டர்கள் மேல் மட்டும் பழி போடுவது சுலபம், ஆனால் அரசாங்கம்தான் முன்னால் போய் வழிகாட்டியது. பழைய வருவாய் ஆவணங்களில் சதுப்பு என்றாலே தரிசுபோல, எதற்கும் உதவாத நிலம். எதற்கும் உதவாத இடத்தில் என்ன செய்வோம்? 1980-களிலிருந்து பெருங்குடியில் குப்பை கொட்டினோம். கடல்சார் ஆய்வு நிறுவனம், காற்றாலை ஆய்வு நிறுவனம் இரண்டையும் கட்டினோம். நட்டநடுவே துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலை போட்டோம். ரயில் நிலையங்கள் வந்தன. அப்புறம், கூவம், அடையாறு கரைகளில் வெள்ள அபாயத்தில் இருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கொண்டுவந்து வைத்தோம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்புநில வெள்ளத்தில் விட்ட இந்தக் கருணையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிப் பதிவாகிவிடும், விட்டுவிடுகிறேன். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்து வனத்துறையிடம் கொடுத்ததுதான் முதல் தடுப்பு. அதுவும் இந்தப் பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் கேர் எர்த் அமைப்பு போன்றவர்களும் வருடக்கணக்கில் கத்திய பிறகு. அந்த அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-ல் ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சர் விருது கிடைத்தது. குழுவில் ஒருவரும் அதைப் பகிரவில்லை, அது வேறு விஷயம்.

சரி, பறவைக்கு வருவோம். ஏதோ தண்ணீர் இருந்தால் பறவை வரும், நிறையத் தண்ணீர் இருந்தால் நிறைய வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னால் 200 அடி சாலையோரம் நின்று பார்த்தால் புரியும். தண்ணீர் வடியத் தொடங்கிய ஓரத்தில் சேறு மினுங்குகிற இடத்தில் குட்டி உள்ளான்கள் எறும்புபோல் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்குக் கணுக்கால் நனைந்தால் போதும். இரண்டடி தள்ளிப் பவளக்காலி, பெயருக்கேற்ற சிவப்புக் காலோடு. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் கருவால் மூக்கன் கூட்டம், நீண்ட நேரான அலகை அடிவரை சேற்றுக்குள் இறக்கி, தையல் மெஷின் ஊசி கணக்காக மேலும் கீழும் குத்திக்கொண்டே நகரும். உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலில் இருக்கிற பறவை அது, நம் ஆட்கள் அதையும் கொக்கு என்பார்கள். பூநாரைகள் அதையும் தாண்டி, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டிக்கொண்டிருக்கும். ஊசிவால் வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் திறந்த தண்ணீர் வேண்டும். தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் கோரைப் புதர் வேண்டும். நீளவால் இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும், அது முட்டையே அந்த ஈர இலைகள் மேல்தான் இடும், இட்டுவிட்டுப் பெண் போய்விட ஆண்தான் அடைகாக்கும்.

ஆக, இத்தனைக்கும் தேவை வெவ்வேறு ஆழம், அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஆழம். ஐப்பசியில் நிரம்ப வேண்டும், தையில் ஓரம் வடிய வேண்டும், சித்திரையில் பெரும்பகுதி காய வேண்டும். இப்போது என்ன நடக்கிறது? சுற்றிலும் மண் கொட்டி மேடாக்க மேடாக்க, தட்டில் பரவி நின்ற தண்ணீரை டம்ளரில் ஊற்றியதுபோல, அதே மழை குறைந்த இடத்தில் அதிக ஆழத்தில் நிற்கிறது. ஓரச் சேறு என்று ஒன்று இருப்பதே இல்லை, கரை முடிந்தவுடன் ஆழம். இன்னொரு பக்கம் கழிவுநீர். பாதாளச் சாக்கடை வராத தெருக்களிலிருந்து லாரியில் உறிஞ்சியதை இருட்டிய பிறகு எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கோடையில் காய வேண்டிய இடம் அந்தத் தண்ணீரால் வருடம் பூராவும் நனைந்தே கிடக்கிறது, ஆகாயத்தாமரையும் சம்புப் புல்லும் மண்டிவிடுகின்றன. பச்சையாக இருப்பதைப் பார்த்து "என்ன அழகு" என்று வீடியோ எடுக்கிறோம். அந்தப் பச்சைக்குள் உள்ளானுக்கு நிற்க இடம் கிடையாது.

இதை வைத்துத்தான் அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்தைப் பார்க்க வேண்டும். தற்காலிகத் தடையாக அதை நான் ஆதரிக்கிறேன், ஏனென்றால் எல்லையே தெரியாத இடத்தில் அனுமதி கொடுத்துக்கொண்டே போனால், எல்லை தெரியவரும்போது காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர் என்று அறிவித்தோம். வனத்துறையின் கையில் காப்புக்காடாக இருப்பது ஏறக்குறைய 700. மீதி 550 சொச்சம் ஹெக்டேர் எந்தெந்த சர்வே எண்கள், அதில் எது புறம்போக்கு, எது பட்டா நிலம் என்று தரையில் இறங்கி அளந்து மக்கள் பார்வைக்கு வைக்கிற வேலை மூன்று வருடம் கழித்தும் முடியவில்லை. உலகத்துக்கு வரைபடம் கொடுத்தாயிற்று, பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கொடுக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் எல்லா வியாபாரமும் நடந்தது. பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு பெரிய திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் கடைசியில் இடைக்காலத் தடை விதித்ததும் இந்த எல்லைச் சண்டையில்தான்.

ஆனால் நிரந்தரத் தீர்வாக அந்த வட்டம் எனக்கு ஒப்பவில்லை. காம்பஸ் வைத்து வரைந்த கோடு தண்ணீருக்குத் தெரியாது. எல்லையிலிருந்து 900 மீட்டரில், மேட்டில், ஏற்கெனவே நாலு பக்கமும் வீடு இருக்கிற தெருவில் ஒருவர் தன் அரை கிரவுண்டில் மாடி கட்டினால் சதுப்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதே நேரம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு ஏரியின் கலங்கலிலிருந்து வரும் போக்குக் கால்வாயைக் குறுக்கி ஒரு கேட்டட் கம்யூனிட்டி மதில் கட்டினால், அந்தத் தண்ணீர் சதுப்புக்கு வராது, பக்கத்து நகருக்குள் போகும். வட்டம் முதல் ஆளை நிறுத்துகிறது, இரண்டாவது ஆளை விட்டுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் 2017 ஈரநில விதிகளே இதைச் சரியாகச் சொல்கின்றன. எந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடக்கும் வேலை ஈரநிலத்தைக் கெடுக்குமோ அதுதான் தாக்கப் பகுதி என்று விளக்கம் கொடுத்து, அதைக் குறித்து, அதற்குள் எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று பட்டியல் போடச் சொல்கின்றன. சதுப்பை ஒட்டிச் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. இல்லாதது பட்டியல்.

தூரத்தை வைத்துக் கோடு போட்டு ஓரளவு நடத்திக் காட்டியவர்களும் உண்டு, இங்கிலாந்தில். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் பக்கம் தேம்ஸ் படுகைப் புதர்வெளிகள் என்று 8,000 ஹெக்டேருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி, பக்கி என்கிற இரவுப் பறவை, காட்டு வானம்பாடி ஆகிய மூன்று பறவைகளுக்காக 2005-ல் அதைப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். மூன்றும் தரையிலோ தரையை ஒட்டிய புதரிலோ கூடு கட்டுபவை. அங்கேயும் வீட்டுக்கு அடிதடி, லண்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போகிற கூட்டம். அவர்கள் போட்ட கணக்கு இது: 400 மீட்டருக்குள் புதிதாக ஒரு வீடுகூடக் கூடாது, ஏனென்றால் வீட்டுப் பூனை அவ்வளவு தூரம் வேட்டைக்கு நடக்கும். அதைத் தாண்டி, பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை கட்டலாம், ஆனால் புதிதாகக் குடிவரும் ஒவ்வொரு 1,000 பேருக்கும் 8 ஹெக்டேர் மாற்றுத் திறந்தவெளி ஏற்படுத்த வேண்டும், நாயைக் கூட்டிக்கொண்டு அவர்கள் அங்கே நடக்கப் போகட்டும், கூடு இருக்கிற இடத்துக்கு வேண்டாம். போதாததற்கு ரோந்து ஆட்களின் செலவுக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பணம்.

இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அவர்கள் சிக்கல் நாயும் பூனையும், நம் சிக்கல் மண்ணும் மலமும். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, பறவைக்கு எதனால் கேடு என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கேற்பக் கோடு போட்டு, அந்தக் கோட்டை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டது. நிலம் வாங்குகிறவனுக்குத் தன் இடம் 400-க்கு உள்ளேயா வெளியேயா என்று வாங்குவதற்கு முன்பே தெரியும்.

இங்கே அது தெரியாமல் மாட்டிக்கொண்டவன் என் சித்தி பையன். வங்கிக் கடனில் ஒரு ஃபிளாட் புக் செய்தான். அனுமதி எண் போட்ட விளம்பரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, வங்கியின் சட்ட ஆலோசகர் ஒப்புதல் எல்லாம் இருந்தது. பால்கனியிலிருந்து பறவை பார்க்கலாம் என்று விளம்பரப் புத்தகத்தில் படமும் போட்டிருந்தார்கள், கருவால் மூக்கன் இல்லை, ஏதோ வெளிநாட்டு அன்னம். இப்போது வேலை நிற்கிறது. மாதாமாதம் தவணையும் கட்டி வாடகையும் கட்டுகிறான். "அண்ணா, பறவைக்காக என் வீடு நிக்குதாம்" என்று போனில் சிரித்தான். பறவைக்காக இல்லடா, எல்லையை எழுதி ஒட்டாததுக்காக என்றேன். அவன் ஒரு விஷயம் கேட்டான், அதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை: "தப்புன்னா எனக்கு வித்தவனுக்கும் அனுமதி கொடுத்தவனுக்கும் என்ன நஷ்டம்ணா?" ஒன்றும் இல்லை. அனுமதி கொடுத்தவர் வேறு இருக்கைக்கு மாறியிருப்பார், விற்றவர் அடுத்த திட்டத்துக்குப் போயிருப்பார்.

என்னைக் கேட்டால் முதலில் வர வேண்டியது சர்வே எண் பட்டியல், தமிழில், கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டுகிற மாதிரி. சதுப்பு எது, வெள்ளம் பரவும் இடம் எது, ஏரிகளிலிருந்து வரும் கால்வாய்களும் அவற்றின் இரு கரையும் எது என்று. பத்திரப்பதிவு மென்பொருளில் அந்த எண்ணைத் தட்டினால் சிவப்பு வர வேண்டும். 2008-ல் வந்த சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளானிலேயே பள்ளிக்கரணைச் சதுப்பைத் தனிப் பகுதியாகக் குறித்திருக்கிறார்கள், எனவே இது ஆகாத காரியம் இல்லை. அதற்குள் முறையான பட்டா வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தலைமுறையாக நெல் போட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. சாலை அகலப்படுத்த நிலம் கொடுத்தவர்களுக்கு வேறு இடத்தில் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளவும், அந்த உரிமையை விற்கவும் சான்றிதழ் கொடுக்கிற முறை இங்கே ஏற்கெனவே இருக்கிறது, டிடிஆர் என்பார்கள். அதைச் சதுப்புக்கும் நீட்டலாம். மேட்டு நிலத்தில், மெட்ரோ நிலையத்தை ஒட்டி, இன்னும் உயரமாகக் கட்டட்டும். வெள்ளத் தடத்தில் மூன்று மாடி கட்டுவதைவிடத் தடத்துக்கு வெளியே இருபது மாடி கட்டுவது பறவைக்கும் நல்லது, தரைத்தளத்தில் குடியிருக்கிற பாட்டிக்கும் நல்லது.

அப்புறம் மண். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வது, சாலையைவிட மூன்றடி ஏற்றி மனையை நிரப்புவது. என் வீட்டுத் தண்ணீர் உன் வீட்டுக்கு, உன் வீட்டுத் தண்ணீர் அடுத்தவனுக்கு, கடைசியில் எல்லாமே சதுப்பின் ஓரத்தில். தாழ்வான பகுதியில் நிரப்பக் கூடாது, தூண் மேல் ஏற்றிக் கட்டிக் கீழே தண்ணீர் போக விடு என்று விதி போட்டாலே பாதி ஆச்சு. அடித்தளத்தில் இரண்டு தளம் தோண்டி வண்டி நிறுத்துகிற ஆசையை இங்கே விட்டுவிட வேண்டியதுதான், வண்டி எப்படியும் மழைக்கு மேம்பாலத்தில்தானே நிற்கப் போகிறது. கழிவுநீர் விஷயத்தில் எங்கள் குடியிருப்புகளும் யோக்கியம் கிடையாது: சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கும், கரண்ட் பில் பயத்தில் ஓடாது. சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினால் அடுத்த பொருளுக்குப் போவோம் என்பார்கள்.

தம்பிக்கு இப்போதைக்கு நான் சொன்னதை, வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சிஎம்டிஏ அனுமதியும் வங்கிக் கடனும் கிடைத்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த்துறையின் அ-பதிவேட்டு நகல் எடுத்து, நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். கிராம வரைபடத்தில் பக்கத்தில் வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரித் தண்ணீர் நிற்கும் உள்பகுதி) ஏதாவது போகிறதா பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், டிசம்பர் மாதப் படங்களில் உங்கள் மனை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தெரு டீக்கடையில் மிக்ஜாம் அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். தம்பி இதையெல்லாம் இப்போதுதான் செய்துகொண்டிருக்கிறான். தன் சர்வே எண் அந்த 550 ஹெக்டேருக்குள் வருகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதியிருக்கிறான். முதல் பதில் வந்தது, உங்கள் மனு சம்பந்தப்பட்ட வேறு துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று.